எல்லாத்துக்கும் கத்துகிறது

காத்தான்குடி மெயின் வீதியில் நிப்ராஸின் கடை.
பழைய மிக்சிகளுக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் நடுவே
சுவரில் சாய்ந்து நின்றன இரண்டு மெட்டல் டிடெக்டர்,
துபாய்க் கொள்கலனில் வந்தவை,
கைப்பிடியில் யாரோ ஒருவனின் வியர்வைக் கறுப்பு.

பெரியதை எடுத்தான். திரை ஒளிர்ந்தது.
வெள்ளிக்கு ஓர் இலக்கம், செம்புக்கு ஓர் இலக்கம்.
"இந்தப் பொத்தானப் பாருங்க தங்கச்சி.
அமத்தினா இரும்பை எடுக்காது.
ஆணி, தகரம், மூடி ஒண்டுக்கும் சத்தமில்ல.
காசு கிடந்தா மட்டும் கூப்பிடும்."

சுதர்சினி என்னைப் பார்த்தாள்.
எட்டு வருடம் பக்கத்துப் பாதையில்
முழங்காலில் இருந்தவள்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
விசில் ஊதுவதற்கு முந்தைய பார்வை.

வாகரையில், மறுகா கிரானுக்கு மேற்கே,
நாளுக்குப் பத்துச் சதுர மீற்றர்.
எங்களுக்குத் தந்த மிசினில் அப்படியொரு பொத்தான் இல்லை.
சோடா மூடிக்கும் மிதிவெடிக்கும்
ஒரே குரலில் அழும்.
அழுத இடமெல்லாம் பக்கவாட்டில் சுரண்டினோம்,
தூங்குகிறவன் தலைக்குக் கீழிருந்து
தலையணையை எடுப்பதுபோல.
ஆயிரத்தில் ஒன்றுதான் அது.
மற்றதெல்லாம் சைக்கிள் கம்பி, மீன்டின், சன்னக் கோது.
ஒருதரம் ஒற்றைக் கொலுசு,
இரண்டு வயதுக் கால் அளவு.
பதிவேட்டில் எழுதினேன்: உலோகம், தீங்கற்றது.

வேலை முடிந்தது என்று கேக் வெட்டினார்கள்.
துண்டு சின்னதாக இருந்தது.

டச்பாரில் வலை காயப்போடும் இக்னேசியஸ்தான் சொன்னான்:
வாடைக்கடல் கரையை அரித்துவிட்டுப் போனால்
ஒல்லாந்தர் காசு மேலே வரும்.
ஒன்று வைத்திருக்கிறான், பச்சை பிடித்த செம்பு,
மூன்று எழுத்து ஒன்றில் ஒன்று ஏறிக் கிடக்கும்.
துட்டு என்ற சொல்லே அவர்கள் காசிலிருந்து வந்ததாம்.
சொல் எங்களிடம் தங்கிவிட்டது.

"பிடிச்சா?" என்று கேட்டாள் சுதர்சினி.
"தண்ணிக்குழாய் தேடுற எண்டு சொல்லுங்க."
நிப்ராஸ் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

ஒரு பேசினில் மணல் கேட்டேன்.
இரண்டு பிடி உப்பு, ஒள்ளுப்பம் தண்ணீர்.
பெரியது உப்புக்குமேல் போனதும் புலம்பத் தொடங்கியது,
காய்ச்சல்காரன்போல, நிறுத்தாமல்.
சிறியது ஒருமுறை முணுமுணுத்து அடங்கிற்று.
பிறகு காய்ந்த மணலில்
இரண்டு ரூபாய்க் குற்றியொன்றை வைத்து,
அதன் தோளோடு ஒரு துருப்பிடித்த ஆணி.
பெரியது பொத்தான் சொன்னபடி நடந்தது.
ஆணியை விட்டது,
ஆணிக்குப் பக்கத்தில் இருந்த காசையும் விட்டது.

"அந்தச் சின்னன் தரமில்ல தங்கச்சி,
திரையும் இல்ல, எல்லாத்துக்கும் கத்தும். தலையிடி."
"கத்தட்டும்," என்றாள் சுதர்சினி.

நாற்பத்தைந்து சொன்னான், முப்பத்தாறுக்கு வந்தான்.
ஆறாயிரம் கடன்,
முதல் துட்டு கிடைத்ததும்.

நாவலடியில் விடியற்காலை.
கடல் ஒருநாள் எழுந்து உள்ளே நடந்து போன மணல்,
சவுக்குகளுக்கு இடையில் அத்திவாரங்கள் மட்டும்.
மூன்றாவது அடியிலேயே அழுதது.
நான் குப்புறப் படுத்தேன், யாரும் சொல்லாமலே.
சுதர்சினி இருபத்தைந்து மீற்றர் பின்னால் போய் நின்றாள்,
யாரும் சொல்லாமலே.
பக்கவாட்டில், விரலால், ஈர மணலைச் சீவினேன்.

ஒரு கதவுக் கொண்டி.
அதில் தொங்கியபடி ஒரு பூட்டு,
பூட்டியபடியே.
நல்லாகத்தான் பூட்டியிருந்தார்கள்.
இழுத்துப் பார்த்தேன், இன்றைக்கும் திறக்கவில்லை.

"என்ன அது?" தூரத்திலிருந்து கேட்டாள்.
பதிவேடு இல்லை. பேனையும் இல்லை.
மணலைத் தட்டிவிட்டு
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
"இரும்பு," என்றேன்.